சூடோமோனாஸ் அடித்தும் குலைநோய் அடங்கவில்லையே?

கேள்வி: சம்பா நெல்லில் கண் வடிவப் புள்ளிகள் பரவிய பிறகு, சூடோமோனாஸையும் காப்பர் மருந்தையும் ஒரே டேங்கில் கலந்து அடித்தோம். கேட்கவே இல்லை. பாக்கெட் போலியாக இருக்குமோ?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: போலி என்று முடிவுகட்ட வேண்டாம். சூடோமோனாஸ் ஃபுளூரசன்ஸ் உயிருள்ள பாக்டீரியா. காப்பர், அதாவது தாமிரம், பாக்டீரியாவையும் கொல்லும் என்பதால், பெரும்பகுதி டேங்கிலேயே செத்திருக்கும்.

நோய் கண்டபின் அடித்ததும் தவறு. இந்த பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறி, இரும்புச்சத்தைக் கவர்ந்துகொண்டு மண்ணிலுள்ள பூஞ்சணங்களைப் பட்டினி போடும். குலைநோயும் பூஞ்சண நோய்தான், ஆனால் அது முதலில் தாக்குவதோ இலையை. அங்கே பயிரின் சொந்த எதிர்ப்புத்திறன்தான் காக்க வேண்டும். வேரில் குடியேறிய பாக்டீரியா அதைத் தூண்டிவிடுகிறது. அதற்கு நாள் பிடிக்கும். அதனால் விதையிலேயே தொடங்குங்கள்.

கிலோ விதைக்கு 10 கிராம் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, விதையை இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து முளைகட்டுங்கள். நடவன்று 10 சதுர மீட்டர் பாத்தியில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஓர் ஏக்கருக்கான நாற்றுக்கு 1 கிலோ தூளை அதில் கரைத்து, நாற்றின் வேரை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பலரும் அவசரத்தில் முக்கி எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வேரில் போதுமான அளவு ஒட்டாது. நட்ட 30ஆம் நாள் இன்னொரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, வயலில் ஈரம் இருக்கும்போது மாலையில் தூவுங்கள். பேசில்லஸ் என்ற பாக்டீரியாவைப் போல, கடுமையான சூழலைத் தாங்கும் உறையுள்ள வித்தை இது உருவாக்காது. வெயிலையும் உலர்ச்சியையும் தாங்காது. தகரக் கொட்டகையில் அடுக்கிய பாக்கெட்டை வாங்காதீர்கள். காலாவதித் தேதியையும், கிராமுக்குக் குறைந்தது 10 கோடி பாக்டீரியா என்ற குறிப்பையும் லேபிளில் பாருங்கள்.

யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் இத்தனையும் வீண். தழைச்சத்து மிஞ்சிய கரும்பச்சைப் பயிரைத்தான் குலைநோய் முதலில் பிடிக்கும், பிரித்துப் போடுங்கள்.

இப்போது நிற்கும் பயிருக்கு வேளாண் அலுவலர் பரிந்துரைக்கும் பூஞ்சணக்கொல்லியை உடனே அடியுங்கள். கதிர் வெளிவரும் நேரத்தில் கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக் குலைநோய் பிடித்தால் மணி பதராகிவிடும்.

கேள்வி: சூடோமோனாஸை அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தோடு சேர்த்துப் போடலாமா?

பதில்: தாராளமாக. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது. தொழுவுரத்தில் சேர்த்தே கலக்கலாம். ரசாயன உரத்தோடு மட்டும் கலக்காதீர்கள்.