400 வேண்டாம், முதலில் டப்பாவைத் திருப்புங்கள்

இரவு பத்து மணிக்கு எல்-தியனைன் (தேயிலையில் இருக்கும் ஒரு அமினோ அமிலம்) 200 மி.கி. மாத்திரை போட்டும் இரண்டு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன், 400 ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘காஃபின் 100 மி.கி.’ என்று இருக்கிறது. அது தூக்கத்துக்கானது இல்லை, பகலில் கவனம் நிற்பதற்கான கலவை. காஃபின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். அப்புறம் எப்படித் தூக்கம் வரும்? (நானும் இதே மாதிரி ஒரு டப்பாவில் ஏமாந்து ஒரு வாரம் ஆந்தையாக அலைந்தவன்தான்.)

தியனைன் மட்டும் உள்ளதாக வாங்கி, 200 மி.கி.யையே படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டுப் பாருங்கள். ஆனால் அது தூக்க மாத்திரை மாதிரி ஆளைச் சாய்க்காது. மனசின் பரபரப்பு கொஞ்சம் அடங்கலாம், அவ்வளவுதான். தூக்கத்துக்கு உதவுகிறது என்பதற்கான ஆதாரமும் இன்னும் வலுவாக இல்லை. 2011-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தியனைன் தூக்கத்துக்கு உதவும் என்பது போன்ற விளம்பர வாசகங்களை ஏற்கவில்லை.

மாத்திரைக்குப் பதில் ராத்திரி கிரீன் டீ குடிக்கலாமா என்றும் கேட்டீர்கள். ஒரு கோப்பையில் தியனைன் சில பத்து மில்லிகிராம் தேறினாலே அதிகம். கூடவே காஃபினும் வரும். ஜப்பானில் கியோகுரோ என்ற கிரீன் டீ வகைக்கான தேயிலைச் செடிகளைப் பறிப்பதற்கு முன் மூன்று வாரம் போல நிழலில் வைப்பார்கள். வெயில் குறைந்தால் தியனைன் தங்கும், அது தரும் சுவைக்காகத்தான். அதிலும் காஃபின் அதிகம்.

கடைசி வரியில் போகிற போக்கில் பிபி மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. தியனைன் ரத்த அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் இறக்கக்கூடும். புது டப்பா வாங்குவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.