பதில்: கோயில் அகார்-அகாரில் பூச்சிச் சாயமா?

சுங்கை சிப்புட் அக்கா, கோயில் விசேஷத்துக்கு அகார்-அகார் (கடல்பாசி ஜெல்லி) செய்ய வாங்கிய சிவப்புக் கலரில் 'கொச்சினீல் ரெட் ஏ, இ124' என்று போட்டிருக்கிறது, பூச்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் வேண்டாம், அது செயற்கைச் சாயம். பூச்சியில் எடுப்பது இ120 என்ற எண்ணில் வரும் கார்மைன் சாயம். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து எடுக்கிறார்கள். பெரும்பாலும் பெரு நாட்டுச் சரக்கு. சூட்டிலும் வெளிச்சத்திலும் எளிதில் மங்காது என்பதால் ஸ்ட்ராபெரி யோகர்ட், மிட்டாய், ஏன், லிப்ஸ்டிக்கில்கூடப் போடுகிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது அங்கேதான்.

செயற்கையும் வேண்டாம் என்றால் பீட்ரூட் சாறு. கொதிக்கும்போது ஊற்றினால் பழுப்படித்துவிடும். அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டுக் கலக்குங்கள். ரொம்ப நேரம் விடாதீர்கள், 40 டிகிரி வாக்கில் அகார்-அகார் இறுக ஆரம்பித்துவிடும்.