குவாண்டம் படிப்புக்காக நகையை அடகு வைக்கலாமா?

தங்கச்சிமடம் சகோதரிக்கு,

நகையில் கை வைக்காதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் வருமானம் நின்றிருக்கும்போது, 'குவாண்டம் கம்ப்யூட்டிங்' என்ற பெயரைக் காட்டி மகளின் படிப்புக்கு முன்பணம் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் பதறியது. மகளுக்குச் சாதாரண கணினி அறிவியல் படிப்பே போதும்.

குவாண்டம் கணினி என்பது அணு போன்ற நுண்துகள்களின் இயல்பைக் கொண்டு கணக்கிடும் புதுவகைக் கணினி. அது ஒரு நிறுவனத்தின் மென்பொருளை அப்படியே அகற்றிவிட்டு வருவதில்லை. மண்டபத்தில் நண்டும் இறாலும் வாங்கி அனுப்பும் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொள்முதல், இருப்பு, பில் எல்லாம் வழக்கமான கணினியில்தான் ஓடும். எந்த வேன் எந்தக் கரைக்கு எப்போது போக வேண்டும் என்ற ஒரு முடிச்சை மட்டும் கணித வடிவில் மாற்றி, இணையம் வழியே எங்கோ இருக்கும் குவாண்டம் கணினிக்கு அனுப்ப வேண்டும். அது ஒரே கணக்கை ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, எந்த விடை எத்தனை முறை வந்தது என்று திருப்பி அனுப்பும். பிழைகளும் கலந்தே வரும். அவற்றைச் சலித்துப் பழைய மென்பொருளுடன் இணைப்பதுதான் வேலை. உண்மையில், இன்றைக்கு அந்த வேன் கணக்கைச் சாதாரண கணினியே மலிவாகப் போட்டுவிடும். அதனால்தான் குவாண்டத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்கிறேன்.

பைத்தான் என்ற நிரல் மொழியும் தரவுத்தளமும் மகளுக்குக் கைவர வேண்டும். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் முதல் இரண்டு பாடங்களான அணிகளையும் கலப்பெண்களையும் மதிப்பெண்ணோடு மறந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். குவாண்டம் நிரல் முழுக்க அவைதான். குவாண்டம் நிரல் எழுத ஐ.பி.எம். நிறுவனம் தொடங்கிய கிஸ்கிட் மென்பொருள் இலவசம், சிறிய பயிற்சிகளுக்கு மடிக்கணினியே போதும்.

வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்ட இடம் தகவல் பாதுகாப்பு. பெரிய குவாண்டம் கணினி வந்தால் தகவலை ரகசியமாக்கும் இன்றைய குறியாக்க முறைகள் சில உடையும் என்று கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிவிட்டார். அதைத் தாங்கும் புதிய தரநிலைகள் மூன்றை அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. வங்கி மென்பொருள்களை அவற்றுக்கு மாற்றும் பணி பல ஆண்டுகள் நீளும். அதற்குக் குவாண்டம் கணினியே தேவையில்லை.

ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் பட்டம் முடித்தபின் பார்க்கலாம். 2023-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் இருக்கிறது.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தை அரசே ஏற்கும். அதற்கான சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள்.