பாதி பல்லி, பாதி எலி எங்கே?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிற அண்ணே, ‘பரிணாமம் உண்மையென்றால் பல்லிக்கும் எலிக்கும் இடைப்பட்ட விலங்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே’ என்று யாரோ மடக்கியதில் மெட்ரிக் படிக்கிற உங்கள் மகள் பதில் தெரியாமல் நின்றாள் என்று எழுதியிருந்தீர்கள். பதில் நம்ம தென்னாப்பிரிக்கப் பாறையிலேயே கிடக்கிறது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். அசைகிறதே, அந்தத் தாடை மூட்டு பல்லிக்கு வேறு இரண்டு எலும்புகளால் ஆனது, நமக்கோ அந்த இரண்டும் சுருங்கி நடுக்காதுக்குள் போய்விட்டன. இப்படி மாறுகிற நடுவில் தாடை கழன்று விழாதா என்றுதான் அடுத்துக் கேட்பார்கள். இங்கே கரூ என்ற வறண்ட நிலப்பகுதியில் கிடைத்த, சுமார் 25 கோடி வருடப் பழைய திரினாக்ஸோடான் என்ற பாலூட்டி வழி விலங்கில் தாடையின் பின் எலும்புகள் ஏற்கெனவே சிறுத்துவிட்டன. பல கோடி வருடம் பிந்திய டையார்த்ரோக்னேதஸ் என்ற விலங்கில் பழைய மூட்டும் புதிய மூட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, பெயருக்கே இரட்டை மூட்டுத் தாடை என்றுதான் அர்த்தம். அப்புறம், பாதி பல்லி பாதி எலியாக ஒன்று கிடைக்கும் என்று பரிணாமம் சொல்லவே இல்லை.