லிப்ட் கூட்டியும் வரிசை குறையவில்லையா?

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கோபுரம் கட்டுகிற சிம்டவர் கணினி விளையாட்டில் 38 மாடி கட்டிவிட்டேன், மூன்று நட்சத்திரத் தரம் வந்துவிட்டது. ஆனால் காலையில் லிப்டுக்கு நிற்கிற ஆட்கள் எல்லாரும் சிவப்பாகிறார்கள், ஆபிஸ்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்கிறார்கள். நாலு லிப்ட் போட்டு, ஒவ்வொன்றிலும் ஆட்கள் ஏறுகிற பெட்டி எட்டு வைத்தும் சரிவரவில்லை. இன்னும் எத்தனை லிப்ட் போட வேண்டும்?"

இன்னொன்றுகூடப் போட வேண்டாம் தம்பி. குறை எண்ணிக்கையில் இல்லை.

இந்த விளையாட்டு 1994இல் வந்தது. உருவாக்கிய யூட் சைட்டோ என்ற ஜப்பானியருக்கு லிப்ட் ஓடுகிற விதத்தின் மேல்தான் முதல் ஆசையே. ஒரு லிப்ட் கம்பெனியிடம் விவரம் கேட்டு, அவர்கள் தர மறுத்த பிறகு தானாகவே யோசித்துச் செய்தார். அதனால் வெளியே கட்டடம் கட்டுகிற விளையாட்டு மாதிரி தெரிந்தாலும் உள்ளே இது ஆட்களை ஏற்றி இறக்குகிற கணக்குதான்.

காலை ஏழு மணி தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிட்டு ஒரே ஒரு லிப்டை மட்டும் பாருங்கள். கீழே நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும், நாலாம் மாடியில் நிற்கும், ஐந்தில் நிற்கும், ஏழில் நிற்கும், அது 28க்குப் போய்த் திரும்புவதற்குள் கீழே நிற்கிறவன் பொறுமை போகப் போகக் கறுப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, சிவப்பாகி விடுவான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற நேரம் இப்படித்தான் இருக்கும். எல்லா மலையிலிருந்தும் பெண்கள் ஒரே நேரத்தில் மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு, இறங்கி வருவார்கள், தராசு ஒன்றுதான், அம்மா கொழுந்தோடு நின்றுகொண்டே இருப்பார். மலைக்கு மலை நேரத்தைப் பிரித்துவிட்ட பிறகு அதே தராசு போதுமாக இருந்தது.

உங்கள் கோபுரத்தையும் பிரிக்க வேண்டும். சாதாரண லிப்ட் 30 மாடி வரை போகும் என்பதற்காக 30 மாடிக்கும் இழுத்து வைக்கக் கூடாது. 15ஆம் மாடியிலும் 30ஆம் மாடியிலும் லாபி, அதாவது ஆட்கள் லிப்ட் மாறுகிற கூடம், கட்டலாம், அங்கே இருக்கிற ஆபிஸ்களை இடித்தாவது கட்டுங்கள். தரையிலிருந்து இந்த இரண்டு லாபிக்கும் எக்ஸ்பிரஸ் லிப்ட் விடுங்கள், அது நடுவில் எங்கேயும் நிற்காது. பிறகு 1 முதல் 15 வரை ஒரு கூட்டம் லிப்ட், 15 முதல் 30 வரை இன்னொன்று, 30க்கு மேல் வேறொன்று. நுவரெலியாவுக்குப் போகிறவர் ரயிலில் நானுஓயா வரை வந்து இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்கிற மாதிரி.

ஒன்றை மறக்கவே கூடாது: இந்த ஆட்கள் ஒரு தடவைதான் லிப்ட் மாறுவார்கள். இரண்டு தடவை மாறினால்தான் போய்ச் சேரலாம் என்றால் அந்த மாடிக்கு வரவே மாட்டார்கள். உங்கள் கோபுரத்தில் 31க்கு மேலே ஆபிஸ்கள் காலியாகக் கிடந்தால் அதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இருக்கிற லிப்டை இடிக்க வேண்டியதில்லை, நுனியைப் பிடித்து இழுத்தால் சுருங்கும். முதலில் சேமித்து வையுங்கள், அப்புறம் வார இறுதி நாளில் செய்யுங்கள். இந்த விளையாட்டில் ஒரு காலாண்டு என்பது மூன்றே நாள், இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். விடுமுறையில் ஆபிஸ் காலியாக இருக்கும், வழி அறுந்தாலும் யாரும் தவிக்க மாட்டார்கள்.

அடுத்தது, மேலே முழுக்க ஆபிஸாகவே அடுக்காதீர்கள். ஆபிஸ்காரர் காலையில் மேலே போகிறார், வீட்டில் இருப்பவர் காலையில் கீழே இறங்குகிறார், இரண்டும் கலந்திருந்தால் லிப்ட் இறங்கும்போது வெறுமனே வராது. ஆனால் ஆபிஸுக்கு ஒட்டியே வீடு வைக்க வேண்டாம், சத்தம் பிடிக்காது. வீட்டை விற்ற காசு கையில் நிற்கும் என்றும் நம்ப வேண்டாம், குடியிருப்பவருக்குக் கோபம் வந்தால் நீங்கள் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்து வீட்டை வாங்க வேண்டி வரும். மத்தியானச் சாப்பாட்டுக் கடைகளையும் கீழேயே குவிக்காமல் 15, 30க்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டு போட்டுவிட்டால் பன்னிரண்டு மணி நெரிசலில் பெரும்பகுதி லிப்டுக்கே வராது.

நாலாவது நட்சத்திரத்துக்கு 5000 பேர் வேண்டும். லிப்டுக்கு மொத்தம் 24 இடம்தான் தருவார்கள், நீங்கள் கேட்டபடி இப்போதே போட்டுக்கொண்டே போனால் 60ஆம் மாடியில் போட ஒன்றும் மிஞ்சாது. இப்போதைக்கு 15ஆம் மாடி லாபியை மட்டும் கட்டி, இரண்டு வேலை நாள் காலையைப் பாருங்கள். கீழே சிவப்பு குறைந்திருந்தால் 30க்குப் போங்கள். குறையவில்லை என்றால் எந்த மாடியில் எத்தனை ஆபிஸ் என்று எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.