வயிற்றைப் பரிசோதிக்கும்போது மட்டும் ஏன் ஸ்டெதாஸ்கோப் முதலில், கை கடைசியில்?

கேட்டிருப்பவர் நர்சிங் மாணவர். நெஞ்சுக்குப் பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்று படித்துவிட்டு, வயிற்றுக்கு வந்ததும் வரிசை மாறுவது ஏன், வார்டில் வயிற்று நோயாளியிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்கிறார்.

வயிற்றை அழுத்தினாலும் தட்டினாலும் குடல் தூண்டப்படும். வலி இருந்தால் நோயாளி வயிற்றை இறுக்கியும் கொள்வார். அதற்குப் பிறகு ஸ்டெதாஸ்கோப் வைத்தால் காதில் விழுவது நாம் கிளறிவிட்ட சத்தம்தான். ஆகவே இங்கே பார்த்தல், கேட்டல், தட்டுதல், தொடுதல்.

தொடங்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை அடிவயிற்றில் கட்டி போலத் தட்டுப்படும். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை லேசாக மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள். கையைத் தலைக்கு மேல் போட்டால் வயிற்றுத் தசை விறைத்துக்கொள்ளும். எங்கே வலி என்று ஒரு விரலால் காட்டச் சொல்லி, அந்த இடத்தைக் கடைசிக்கு வைத்துவிடுங்கள்.

பார்க்கும்போது உப்பல், பழைய ஆபரேஷன் தழும்பு, தொப்புள் எல்லாவற்றையும் எல்லோரும் பார்ப்பார்கள். விட்டுப்போவது தொடை இடுக்கு. வாந்தி, உப்பல், காற்றும் பிரியவில்லை என்று வரும் நோயாளியின் இடுக்கில் சிக்கிக்கொண்ட குடலிறக்கம் துணிக்குள்ளேயே மறைந்திருக்கும். மறைவு வைத்து, துணியை விலக்கிக் கட்டாயம் பாருங்கள்.

ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கி, வலது அடிவயிற்றில் தொடங்குங்கள். சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடம் என்பதால் சத்தம் அங்கே எளிதில் கிடைக்கும். நிமிடத்துக்கு 5 முதல் 30 வரை இயல்பு. முழுதாக 5 நிமிடம் கேட்காமல் 'சத்தம் இல்லை' என்று எழுதக் கூடாது. ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய்) சக்ஷனில், அதாவது உறிஞ்சும் கருவியில், இருந்தால் அந்த நேரத்துக்கு அதை நிறுத்துங்கள். இல்லையென்றால் சக்ஷன் இரைச்சலைக் குடல் சத்தமென்று எழுதிவிடுவோம். என் கருத்தில், குடல் சத்தத்தை மட்டும் தனியாக வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விட்டுவிட்டு வரும் வலியோடு கிணுகிணுவென்று உச்சத்தில் கேட்டால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். காற்று பிரிந்ததா என்ற கேள்வி பல நேரம் அதைவிடப் பயன்படும்.

தொடும்போது விரல்களைத் தட்டையாக வைத்து சுமார் 1 செ.மீ. ஆழம் மட்டும். கண் நோயாளியின் முகத்தில் இருக்கட்டும். வாய் 'இல்லை' என்றாலும் புருவம் சுருங்கும். வயிறு இறுகினால் வாய்வழியாக மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். பயத்தில் இறுக்கியது தளரும். வயிற்றுறை அழற்சியின் (வயிற்றின் உள்உறை வீங்கிப் புண்பட்ட நிலையின்) இறுக்கம் தளராமல் பலகையாகவே நிற்கும். துடிக்கும் கட்டி தெரிந்தால் அழுத்தவே வேண்டாம். அழுத்திச் சட்டென்று விட்டுப் பார்க்கும் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது கொடுமை. இருமச் சொன்னாலே வலி எங்கே குத்துகிறது என்று தெரிந்துவிடும்.

படுத்திருக்கும் விதமும் பேசும். கல் வலியில் புரளுவார்கள். ஓட்டை விழுந்த குடலோடு இருப்பவர் அசையாமல் கிடப்பார். குடல்வால் வலி திடீரென்று குறைந்தது என்றால் நிம்மதி வேண்டாம், வெடித்திருக்கலாம். உடனே பல்ஸ், காய்ச்சல் பார்த்து டாக்டருக்குச் சொல்லுங்கள். வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. டாக்டர் எழுதியதைத் தாமதிக்காமல் கொடுக்கலாம். காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு எனிமாவும் பேதி மருந்தும்தான் கூடாது. வாய்வழியும் எதுவும் வேண்டாம்.

வாந்தியையும் மலத்தையும் கொட்டும் முன் பாருங்கள். பச்சை என்றால் பித்தம், காப்பித்தூள் நிறமென்றால் வயிற்று அமிலம் பட்ட ரத்தம், மல நாற்றமென்றால் குடலின் கீழ்ப்பகுதி அடைப்பு. மலம் களிமண் நிறத்தில் வெளுத்திருந்தால் பித்தநாள அடைப்பு. கறுப்பாக, தார் போல ஒட்டிக்கொண்டு தனி நாற்றம் வீசினால் பெரும்பாலும் இரைப்பையிலோ மேல்குடலிலோ ரத்தக்கசிவு. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பு வராது. மாத்திரைப் பட்டியலைக் கேளுங்கள்.

ரத்தக்கசிவில் பிபிக்காகக் காத்திருக்காதீர்கள். பல்ஸ் முதலில் ஏறும், பிபி பிறகுதான் சரியும். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுபவருக்கு பல்ஸும் ஏறாமல் ஏமாற்றும். அவரிடம் கை குளிர்ச்சி, வியர்வை, குழப்பம், சிறுநீர் அளவு இவற்றை நம்புங்கள். மணிக்கு, எடையில் கிலோவுக்கு 0.5 மி.லி. சிறுநீருக்குக் கீழே போகக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு அது 30 மி.லி. ரத்த நாளங்கள் சுருங்கும் முன்னே இரண்டு கைகளிலும் பெரிய கேனுலா (ரத்த நாளத்தில் செருகும் சிறு குழாய்; நிறம்தான் அளவைக் காட்டும்), பச்சை அல்லது சாம்பல் நிறம், போட்டுவிட வேண்டும்.

ரைல்ஸ் டியூப் போட மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்முனை வரை அளந்து குறியிடுங்கள். காற்றை ஏற்றி வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்ப்பது நம்பகமான சோதனை அல்ல. நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். உறிஞ்சிய திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மை அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அமிலம் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு இது உயர்ந்து காட்டும். சந்தேகமென்றால் எக்ஸ்ரே பார்க்கும் வரை எதையும் ஏற்ற வேண்டாம்.

வயிற்றுச் சுற்றளவைத் தொப்புள் மட்டத்தில், மூச்சு விட்ட முடிவில் அளந்து, டேப் வைத்த இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அடுத்த ஷிஃப்ட் வேறு இடத்தில் அளந்தால் 3 செ.மீ. 'உப்பல்' இல்லாமலே வந்துவிடும்.

டாக்டரை அழைத்து 'வயிறு சரியில்லை சார்' என்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. 'காலை 88 இருந்த பல்ஸ் இப்போது 116, பிபி 104/70, இரண்டு மணி நேரமாகச் சிறுநீர் மொத்தம் 25 மி.லி., வயிறு இறுகி இருக்கிறது, மூச்சு விட்டாலும் தளரவில்லை' என்று சொல்லிப் பாருங்கள், எழுந்து வருவார்.