“பாவம்” என்று எழுதினாயே, யார் பாவம்?

கேள்வி (2021 ஏப்ரல்):

நான் அயர்லாந்தின் கால்வே நகரில் இரண்டாண்டுப் பட்டமேற்படிப்பின் கடைசி மாதங்களில் இருக்கிறேன். 2019 செப்டம்பரில் வந்தேன். ஆறே மாதத்தில் கொரோனாவால் கல்லூரியை மூடிவிட்டார்கள். அன்று முதல் பிரேசில், நைஜீரியா, மலேசியா நாடுகளைச் சேர்ந்த மூவரும் நானும் ஒரே வீட்டில் அடைந்து கிடக்கிறோம். 5 கிலோமீட்டருக்கு அப்பால் போக முடியாது. வெளியார் யாரும் வீட்டுக்கு வரவும் முடியாது. தீபாவளிக்கு நால்வருமாக முறுக்குப் பிழிந்தோம். ஜனவரியில் எனக்குத் தொற்று வந்தபோது பிரேசில் தோழிதான் பத்து நாளும் என் அறைவாசலில் சோறும் பீன்ஸும் வைத்தாள். இவர்கள்தான் இப்போது என் குடும்பம். படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டு தங்கி வேலை தேட இங்கே அனுமதி உண்டு. ஆனால் அப்பா ஊருக்கு வந்துவிடு என்கிறார். வீட்டில் ஆண்கள் இருவர் இருப்பது அம்மாவுக்குக் கவலை. கும்பகோணத்தில் அப்பாவின் பாத்திர வாடகைக் கடை சரியாக ஓடவில்லை. பெரிய அண்டாக்கள் சிலவற்றை விற்றுவிட்டாராம். அதனால் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறார். நான் வேலை பார்த்த உணவகம் மூடிக் கிடப்பதால் இந்த அரசு வாரம் 250 யூரோ தருகிறது. சொன்னால் கேள்வி வரும் என்று வீட்டில் சொல்லவில்லை. அப்பா மாதாமாதம் அனுப்பும் 20 ஆயிரம் ரூபாயும் வருகிறது. எல்லாம் திறந்ததும் நண்பர்களோடு போர்ச்சுகல் போகப் பணம் சேர்த்திருக்கிறேன். தோழி மட்டும் வரவில்லை. அவளுக்கும் அதே 250 யூரோதான். பாவம், பாதியை அவள் அம்மாவுக்கு அனுப்பிவிடுகிறாள். என் நட்பின் அருமையைப் பெற்றோருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்:

உனக்கு என் பேத்தி வயது இருக்கும் என்பதால் “நீ” என்றே எழுதுகிறேன். இந்த ஓராண்டில் வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து இதே கடிதம் எனக்குப் பலமுறை வந்துவிட்டது. ஊரின் பெயரும் நண்பர்களின் நாடும் மட்டும் மாறுகின்றன. தனிமையில் வாடுகிறாய், உன் மனம் எனக்குப் புரிகிறது என்றெல்லாம் நான் தொடங்க வேண்டுமென்று நீ எதிர்பார்த்திருப்பாய். நால்வராகக் கூடி முறுக்குப் பிழிந்தவளுக்கு அந்த ஆறுதல் தேவையில்லை.

அம்மாவின் கவலையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு பெருந்தொற்றுக் காலத்தை ஒரே கூரையின் கீழ் ஒழுங்காகக் கடந்த நான்கு பேரில் இருவர் ஆண்கள் என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. ஒருநாள் வீடியோ அழைப்பில் அவர்கள் இருவரையும் அம்மாவுக்கு வணக்கம் சொல்லச் சொல். பாதிக் கவலை அன்றே தீரும்; மீதிப் பாதி உனக்குத் திருமணமானாலும் தீராது.

என்னை நிறுத்திய சொல் உன் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. தோழி தன் பணத்தில் பாதியைத் தாய்க்கு அனுப்புகிறாள் என்று எழுதும்போது, அதற்கு முன்னால் “பாவம்” என்ற ஒரு சொல்லைப் போட்டிருக்கிறாய். யோசித்துப் போட்டதாகத் தெரியவில்லை. யோசிக்காமல் கையிலிருந்து விழுந்த சொல் என்பதால்தான் அதை நான் விடப்போவதில்லை. கால் உடைந்தவனைப் பார்த்தும், தேர்வில் தோற்ற பிள்ளையைப் பார்த்தும் நாம் பாவம் என்போம். பெற்றவளுக்குப் பணம் அனுப்பும் ஒரு பெண் அந்த வரிசையில் எப்படி வந்து சேர்ந்தாள்? போர்ச்சுகல் பயணத்தை இழக்கிறாளே என்பதாலா?

கணக்கைப் பார்ப்போம். பாடம் நடக்கும் மாதங்களில் மாணவர் விசாவில் இருப்பவர் வாரம் 20 மணி நேரம்தான் அங்கே வேலை செய்யலாம். சென்ற ஆண்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10.10 யூரோ, ஆக, வாரம் 202 யூரோ. வேலை போனபின் உனக்குக் கிடைப்பது 250. வெளிநாட்டு மாணவர் என்று பிரித்துப் பார்க்காமல் அந்த நாடு உனக்கும் கொடுக்கிறது. அதில் உன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் யூரோவுக்கு ஏறத்தாழ 87 ரூபாய் என்று வைத்தால், உன் ஒரு வாரப் பணம் இருபத்தோராயிரத்துக்கும் மேல். உன் அப்பா ஒரு மாதம் முழுவதும் திரட்டி அனுப்புவது 20 ஆயிரம். ஒரே வாரத்தில் உனக்கு வந்துவிடுவதை அவர் ஒரு மாதமாகச் சேர்த்து அனுப்புகிறார், நீயும் வாங்கிக்கொள்கிறாய்.

அந்த இருபதாயிரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நீயே எழுதியிருக்கிறாய். எழுதிய இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் தவறிவிட்டாய். பாத்திர வாடகைக் கடை என்ன தொழில் என்று, அதில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் வீட்டுக்குத்தான் பெரிய அண்டா வேண்டும். கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று சென்ற ஆண்டு அரசு வரையறுத்தபோது வீட்டுக் குக்கரும் இரண்டு குண்டானுமே போதும் என்றாகிவிட்டது. அண்டா அந்தக் கடைக்குக் கறவை மாடு. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் போய்வந்து, ஈயம் பூசிக்கொண்டு, அடுத்த தலைமுறைக்கும் வாடகை ஈட்டித் தரும். விற்கப் போனால் பழைய பாத்திரத்துக்கு எடைக்கு எடைதான் விலை. அந்த விலையில் மறுபடி ஒன்றை வாங்க முடியாது. ஆகவே உன் அப்பா விற்றது சரக்கையன்று, இனி வரவேண்டிய முகூர்த்தங்களை. அப்படி விற்ற பணத்தில் ஒரு பங்கு கால்வேயில் உன் வங்கிக் கணக்கில், போர்ச்சுகல் விமானச் சீட்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. இத்தனைக்கும் அவர் கோபப்படுகிறார் என்று என்னிடம் முறையிடுகிறாய்.

நீ மறைத்த காரணம் இதைவிட மோசம்: “சொன்னால் கேள்வி வரும்.” என்ன கேள்வி வந்திருக்கும்? “உனக்கு இது போதுமா, நான் அனுப்புவதை நிறுத்தட்டுமா?” என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு உன்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல மனமில்லாததால்தான் கேள்வியே வராமல் பார்த்துக்கொண்டாய்.

நீ படிக்கப் போன நாட்டையே கொஞ்சம் திரும்பிப் பார். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதற்குக் குறையாதவர்கள் கப்பலேறினார்கள். உன் கால்வே அமைந்திருக்கும் மேற்குக் கரை மிகக் கடுமையாக அடிபட்ட பகுதி. பின்வந்த பல பத்தாண்டுகளில் அந்தக் கரையிலிருந்து உன் வயதுப் பெண்கள் தனியாகவே அமெரிக்கா போனார்கள். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் செல்வர் வீடுகளில் தரை துடைத்து, சமைத்து, அந்தக் கூலியை ஊருக்கு அனுப்பினார்கள். குத்தகை கட்டியதும், அடுத்த தங்கைக்குக் கப்பல் சீட்டு வாங்கியதும் அந்தப் பணம்தான். அந்தப் பெண்கள் புறப்படும் முந்தைய இரவில், இறந்தவருக்கு விழித்திருப்பதுபோல ஊரே விடியும்வரை விழித்திருந்து வழியனுப்பும். பெரும்பாலோர் திரும்பி வரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். திரும்பவே போகாதவர்கள் அனுப்பியிருக்கிறார்கள், மகளே. உன் பிரேசில் தோழியைப் பார்த்தால், நீ நடைபழகும் சால்ட்ஹில் கடற்கரையில் எந்தக் கிழவியும் பாவம் என்று சொல்லியிருக்க மாட்டாள்.

எனக்கும் இதில் சொந்த வழக்கு ஒன்று உண்டு. இருபத்திரண்டு வயதில் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்து பெண்கள் விடுதியில் தங்கியபோது, மாதம் முதல் வாரம் அஞ்சலகத்தில் மணியார்டருக்கு வரிசையில் நிற்பேன். பாரத்தின் அடியில் நாலு வரி எழுதச் சிறிய இடம் இருக்கும். என்ன எழுதுவது என்று தெரியாமல் “நலம்” என்று மட்டும் எழுதிய மாதங்களே அதிகம். விடுதியில் என் அறைத்தோழிகளோடு மைசூர் போகாமல் விட்டது இன்றும் நினைவிருக்கிறது, அதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் அவர்கள் யாரும் என்னைப் பாவம் என்று சொன்னதாக நினைவில்லை, ஏனென்றால் பக்கத்து வரிசையில் அவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

இவர்கள்தான் என் குடும்பம் என்கிறாய். நல்லது. ஜனவரியில் அந்த நாடே தொற்றில் மூழ்கிக் கிடந்தபோது உன் அறைவாசலில் சோறு வைத்தவளை நீ குடும்பம் என்று சொல்லாவிட்டால்தான் நான் கோபித்திருப்பேன். ஆனால் உனக்குச் சோறு வைத்ததும் தாய்க்குப் பணம் அனுப்புவதும் ஒரே பழக்கம். அதை அவள் தன் வீட்டில் கற்றுக்கொண்டுதான் உன் கதவுக்கு வந்தாள். அந்தப் பழக்கத்தால் உனக்கு வந்த சோற்றைப் பெருமையாக எழுதுகிறாய். அவள் தாய்க்குப் போகும் பணத்தை எழுதும்போது இரக்கப்படுகிறாய்.

நீ அங்கே தங்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு ஆண்டு வேலை தேடும் அனுமதி சும்மா கிடைப்பதன்று; தங்கு, வேலை தேடு. நீ கல்விக் கடன் வாங்கிப் போயிருந்து, அது ஏழரை லட்சத்துக்கு மேற்பட்டதாகவும் இருந்தால், வங்கி அடமானம் கேட்டிருக்கும், அது உங்கள் வீட்டுப் பத்திரமாகத்தான் இருக்கும்; அதை மீட்க ரூபாய்ச் சம்பளத்தைவிட யூரோச் சம்பளம் விரைவான வழி என்று அப்பாவிடமே எடுத்துச் சொல்லலாம். அவர் வியாபாரி, கணக்குப் புரியும். ஆனால் பாதிக் கணக்கை மறைத்துவைத்துக்கொண்டு மீதிப் பாதியைக் காட்டி அனுமதி கேட்க உனக்கு முகம் ஏது?

சேர்த்த பணத்தில் குடியேற்றப் பதிவுக் கட்டணத்துக்கு 300 யூரோவையும், வேலை கிடைக்கும்வரை மூன்று மாத வாடகை, சாப்பாட்டுக்கு வேண்டியதையும் தனியாக எடுத்துவை. அதை யாரும் குறைசொல்ல முடியாது. மிச்சமிருப்பது கும்பகோணத்துக்குப் போகட்டும். இந்த மாதம் 12-ஆம் தேதி முதல் 5 கிலோமீட்டர் எல்லை நீங்கி மாவட்டத்துக்குள் எங்கும் போகலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். உன் மாவட்டத்திலேயே கானமாரா மலைகளும் ஏரிகளும் இருக்கின்றன. ரொட்டியைக் கட்டிக்கொண்டு காலையில் போய் மாலையில் திரும்பினால், அந்தத் தோழியும் உங்களோடு வர முடியும்.

அதற்கு முன்னால், வரும் ஞாயிற்றுக்கிழமை உன் நேரம் பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்குப் பேசு. அங்கே இரவு ஏழரை, அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்திருப்பார். நட்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும் அன்று ஒன்றும் பேசாதே. 250 யூரோவைப் பற்றிச் சொல், எத்தனை மாதமாக வருகிறது என்பதையும் சொல், இனி பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல். பிறகு, அண்டா எத்தனை விற்றீர்கள், எத்தனை மிச்சம் என்று கேள். பதில் வரச் சற்று நேரமாகும். போனை வைத்துவிடாதே.